சிறுபிள்ளைகள் உள்ள வீடு: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வளர்ப்பவர்கள் எழுதியவை. மகிழ்ச்சியைப் பற்றி ஒரு வரியும் களைப்பைப் பற்றிப் பல பக்கங்களும் எழுதியிருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்தும் சுருக்கியும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. செருப்பை நான் மாட்டிவிட்டால், தானே மாட்டிக்கொள்ள வேண்டும் என்று தரையில் புரண்டு அழுகிறாள். அவளிடமே விட்டால், மாட்ட வரவில்லை என்று அழுகிறாள். பொறுமையிழந்து பல நாள் கத்திவிடுகிறேன். ஒரு முறை அடித்தும்விட்டேன். இரவில் அவள் தூங்கும்போது அருகில் உட்கார்ந்து அழுகிறேன். அவள் மனத்தில் ஆறாத காயத்தை உண்டாக்கிவிட்டேனா?

இல்லை. அவளுடைய அடத்தையும் உங்கள் கோபத்தையும் சற்றுப் பிரித்துப் பார்த்தால், இரண்டுக்கும் தனித்தனியே வழி இருப்பது தெரியும்.

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை பிள்ளைகள் இப்படிப் புரண்டு அழுவது வளர்ச்சியில் ஒரு கட்டம். தனக்கு என்ன வேண்டும் என்பது அந்த வயதில் திட்டவட்டமாகத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அதைச் செய்து முடிக்கும் கைப்பழக்கமும், விளக்கிச் சொல்லும் மொழியும், நடக்காதபோது பொறுத்துக்கொள்ளும் திறனும் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. உணர்ச்சிகளைக் கட்டுக்குள் வைக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டிய பிறகும் முதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியிருக்க, இரண்டரை வயதுக் குழந்தையிடம் "அழாமல் சொல்" என்பது அவளால் முடியாத ஒன்றைக் கேட்பதாகும்.

அழுகை உச்சத்தில் இருக்கும்போது எந்த அறிவுரையும் அவள் காதில் ஏறாது. அடிபடும்படியான பொருள்களை அப்புறப்படுத்திவிட்டு, அருகிலேயே தாழ்வாக உட்கார்ந்து, "உனக்கே மாட்டத் தெரிய வேண்டும், அது வரவில்லை, கோபம் வருகிறது" என்று ஓரிரு சொல் சொல்லிக் காத்திருங்கள். பெரும்பாலான அழுகை ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். கோபம் முதலில் மளமளவென்று ஏறி விரைவில் தணிந்துவிடும். பிறகு எஞ்சியிருப்பது துக்கம் மட்டுமே, அந்தத் துக்கத்தோடுதான் குழந்தை மடியைத் தேடி வரும். அப்போது அணைத்துக்கொண்டால் அடம் பிடிக்கப் பழகிவிடுவாள் என்ற அச்சம் வேண்டாம். அவள் கேட்டது கொடுக்கக் கூடாதது என்றால் கொடுக்காமலே இருக்கலாம். மடியை மட்டும் மறுக்காதீர்கள். அழுகை எந்த நேரங்களில் வருகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பசி, தூக்கம், அவசரமாக வெளியே கிளம்புவது ஆகிய மூன்றில் ஒன்று அதற்கு முன்னால் இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். செருப்புச் சண்டைக்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரியாது. அழுகை அடிக்கடி அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, அவள் தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி உங்கள் கோபம். தாயும் கைக்குழந்தையும் பழகுவதை 1970களிலிருந்து நுணுக்கமாகப் பதிவுசெய்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக், நல்ல உறவுள்ள தாயும் சேயும்கூட ஏறத்தாழ 30 விழுக்காடு நேரம்தான் ஒருவரோடொருவர் இசைந்து இருக்கிறார்கள் என்று கண்டார். மீதி நேரமெல்லாம் சிறு சிறு பிசகுகளும் அவற்றைச் சரிசெய்துகொண்டு மீண்டும் இணைவதுமாகக் கழிகிறது. உறவை வலுப்படுத்துவது அந்த மீள்இணைப்புதான் என்பது அவருடைய முடிவு. என் கருத்தும் அதுவே: கத்தியது எவ்வளவு முக்கியமோ, கத்திய பிறகு வரும் அரைமணி நேரம் அதைவிட முக்கியம். நீங்கள் இரவில் தனியாக அழும் அழுகை அவளுக்குத் தெரியாது. பகலிலேயே, இருவரும் அமைதியான பிறகு, "அம்மா சத்தம் போட்டேன். நீ பயந்துபோனாய். அது உன் தப்பு இல்லை" என்று அவள் முகம் பார்த்துச் சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடுங்கள், "நீ அப்படிச் செய்ததால்தானே" என்று ஒரு வால் சேர்த்தால் மன்னிப்பு மறுபடியும் குற்றச்சாட்டாகிவிடும்.

அடிப்பதைப் பற்றி மட்டும் தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்கிறேன். ஒரு முறை நேர்ந்தது உறவை முறித்துவிடாது. ஆனால் அது பழக்கமாகக் கூடாது. அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடுகிறதே தவிர, கீழ்ப்படிதல் கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கை ஓங்கப் போகிறது என்று தெரிந்தால், குழந்தையைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய் இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயது மகன் முன்பெல்லாம் நன்றாகச் சாப்பிட்டான். இப்போது நான்கு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. ஒவ்வொரு வேளையும் போராட்டமாக இருக்கிறது.

முதல் ஆண்டில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அதாவது சுமார் 6 கிலோ கூடுகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவது சுமார் 2.5 கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயல்பு. என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். எவ்வளவு என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். புதிய உணவைப் பத்து முறைக்கு மேல் கண்ணில் காட்டிய பிறகே வாயில் வைக்கும் பிள்ளைகள் உண்டு. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிறான் என்றால் அதைக் குறையுங்கள். பாலே பசியை அடைத்துவிடும், இரும்புச்சத்தும் குறையும். எடை குறைந்துகொண்டே போனால், அல்லது அவன் சோர்ந்து கிடந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இரண்டாவது குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. நான்கு வயது மூத்தவன் மறுபடியும் படுக்கையை நனைக்கிறான், மழலையாகப் பேசுகிறான், தம்பியைக் கொஞ்சுவதுபோல அழுத்திக் கிள்ளிவிடுகிறான். "அண்ணன் ஆகிவிட்டாய்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம்.

பிள்ளை ஏங்கிப் போயிருக்கிறான். நான்கு ஆண்டுகள் தனக்கே உரியதாக இருந்த மடியில் திடீரென்று இன்னொருவன் இருக்கிறான். அதைப் பற்றி யாரும் அவனிடம் சம்மதம் கேட்கவில்லை. கைக்குழந்தைக்குக் கிடைக்கும் கவனம் கைக்குழந்தைபோல நடந்தால் தனக்கும் கிடைக்குமா என்று பார்க்கிறான். இது சூழ்ச்சி அல்ல. இழந்ததைத் தேடும் வழி. பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகிவிடும்.

"அண்ணன் ஆகிவிட்டாய்" என்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். அந்தப் பட்டத்தால் அவனுக்கு இதுவரை கிடைத்தது காத்திருப்பும் அதட்டலும்தான். தூக்கச் சொன்னால் தூக்குங்கள். மழலையாகப் பேசினால் கேலி செய்யாமல், திருத்தாமல், பதில் சொல்லுங்கள். தாயும் தந்தையும் முறைவைத்து நாள்தோறும் பதினைந்து நிமிடமாவது, சின்னவன் இல்லாத இடத்தில், அவன் விரும்பும் விளையாட்டை அவனோடு மட்டும் விளையாடுங்கள். அந்த நேரத்துக்கு அவனையே ஒரு பெயர் வைக்கச் சொன்னால், அது தனக்கென்று இருக்கிறது என்ற நிச்சயம் அவனுக்கு வரும். சின்னவன் அழும்போது "தம்பி கொஞ்சம் பொறு, அண்ணனுக்குச் சட்டை போட்டுவிட்டு வருகிறேன்" என்று எப்போதாவது மூத்தவன் காதில் விழும்படி சொல்லுங்கள். காத்திருப்பது தான் மட்டும் அல்ல என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

கிள்ளுவதை அனுமதிக்கக் கூடாது, கையைப் பிடித்துத் தடுத்து, "அவனுக்கு வலிக்கும், நான் விட மாட்டேன், உனக்கு அவன்மேல் கோபம் என்றால் என்னிடம் சொல்" என்று சொல்லுங்கள். தம்பியைப் பிடிக்கவில்லை என்று அவன் வாய்விட்டுச் சொன்னால் அதிர்ச்சி அடையாதீர்கள்; சொல்ல முடிந்த பிள்ளைக்குக் கிள்ளும் தேவை குறையும். அவர்கள் இருவரையும் இப்போதைக்குத் தனியாக ஓர் அறையில் விட வேண்டாம்.

படுக்கையை நனைப்பதற்குத் தண்டனையோ வெட்கப்படுத்தலோ கூடாது. ஐந்து வயது வரை இரவில் நனைப்பதை மருத்துவர்கள் குறைபாடாகக் கருதுவதில்லை. சிறுநீர் கழிக்கும்போது வலிப்பதாகச் சொன்னாலோ, தாகம் மிகுந்து எடை குறைந்தாலோ காரணம் வேறாக இருக்கக்கூடும். உடனே பரிசோதனை செய்ய வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு ஏழு மாதக் குழந்தை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். இரவில் யார் எத்தனை முறை எழுந்தோம் என்று கணக்குப் பார்த்துச் சண்டை போடுகிறோம். சொன்ன வேலையை எல்லாம் நான் செய்கிறேன். அப்படியும் என் மனைவி குறைபட்டுக்கொள்கிறார்.

நீங்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கணவர் அல்ல என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் சொன்ன வேலையைச் செய்கிறேன் என்றால், எதைச் சொல்ல வேண்டும் என்று நாள் முழுவதும் நினைத்துக்கொண்டே இருக்கும் வேலை உங்கள் மனைவியிடமே தங்கிவிடுகிறது. தடுப்பூசி நாள் எப்போது, சின்னதாகிப்போன உடுப்பு எவை, மருந்துப் புட்டியில் எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம் நினைவில் சுமப்பது கண்ணுக்குத் தெரியாத உழைப்பு. அவர் குறைபடுவது அதைப் பற்றியதாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். தடுப்பூசியும் மருத்துவரும் முழுக்க உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டால், நாளைக் குறித்துவைப்பதிலிருந்து அன்றிரவு காய்ச்சல் வந்தால் விழித்திருப்பது வரை அனைத்தும் உங்களுடையதாக இருக்கட்டும். அப்படி நீங்கள் எடுத்துக்கொண்டதில் அவரும் தலையிடாமல் இருக்க வேண்டும். நீங்கள் குளிப்பாட்டும் முறை அவருடையதைப்போல இல்லாவிட்டாலும் குழந்தை சுத்தமாகத்தான் இருக்கும்.

ஏழு மாதக் குழந்தை இரவில் விழிப்பது இயல்பே. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி 4 முதல் 11 மாதக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவை. அது தொடர்ச்சியாக அமைவதில்லை என்பதுதான் பெற்றோரின் துன்பம். ஒவ்வொரு விழிப்புக்கும் முறை பார்ப்பதை விட்டுவிட்டு, இரவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை ஒருவர், இரண்டிலிருந்து ஏழு வரை மற்றவர் என்று வைத்துக்கொண்டால், இருவருக்கும் இடைவிடாத ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைக்க வாய்ப்புண்டு. தாய்ப்பால் கொடுக்கிறார் என்றால் பாலூட்டிய பிறகு தூங்கவைப்பது, துணி மாற்றுவது, விடியற்காலை விழிப்பு ஆகியவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். முதல் குழந்தை பிறந்த பிறகு கணவன் மனைவிக்குள் மனநிறைவு குறைவது பல ஆய்வுகளில் காணப்பட்டதே. உங்கள் இருவருக்கும் மட்டும் நேர்ந்தது அல்ல. நடுராத்திரியில் மட்டும் எதையும் பேசித் தீர்க்க முயலாதீர்கள்.

கேள்வி: பிரசவமாகி மூன்று மாதம். எல்லாரும் குழந்தையைக் கொஞ்சுகிறார்கள். எனக்கு மட்டும் எதுவும் தோன்றவில்லை. குழந்தை தூங்கினாலும் என்னால் தூங்க முடியவில்லை. நான் கெட்ட தாயா?

அம்மா, இந்தக் கடிதத்தைத்தான் பல முறை படித்தேன். நீங்கள் கெட்ட தாய் அல்ல, உடல்நலம் குன்றியிருக்கிறீர்கள். பிரசவமான சில நாள்களில் வரும் காரணமற்ற அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மறைந்துவிடும். மூன்று மாதமாக நீடிக்கும் வெறுமையும், குழந்தை தூங்கும்போதும் வராத தூக்கமும் பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். உலக அளவில் புதிதாகப் பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 விழுக்காட்டினர் மனநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதைக் கண்டறிய 1987ஆம் ஆண்டிலிருந்தே எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட எளிய படிவம் பயன்பாட்டில் உள்ளது. பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. பாலூட்டும்போதும் எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு. நன்றாகக் குணமாகும்.

இந்த வாரத்திலேயே மருத்துவரிடம் போங்கள். எனக்கு எழுதியதையே அவரிடம் சொல்லுங்கள், சொல்ல வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் வாரக்கணக்கில் காத்திருக்காமல், அப்போதே அருகில் இருப்பவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். இதைப் படிக்கும் கணவன்மாரும் கவனிக்க வேண்டும்: இந்தச் சோர்வு தந்தையருக்கும் வருவதுண்டு.

கேள்வி: இரண்டு வயதுப் பேரனைப் பகலில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போனைக் காட்டினால்தான் சாப்பிடுகிறான். மகள் கோபித்துக்கொள்கிறாள். வயதான என்னால் அவன் பின்னால் ஓட முடியவில்லை.

உங்கள் மகள் சொல்வது சரி. உங்கள் களைப்பும் உண்மை. இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது மேலே சொன்ன 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அந்த நேரத்தைச் சாப்பாட்டில் செலவிட வேண்டாம். திரையைப் பார்த்துக்கொண்டே விழுங்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. நீங்கள் சாப்பிடும் அதே நேரத்தில் அவனையும் எதிரே உட்காரவைத்து, அவன் கையாலேயே எடுத்துச் சாப்பிட விடுங்கள். சிந்தும்; முதல் சில நாள் குறைவாகவும் சாப்பிடுவான். பின்னால் ஓட வேண்டாம். எழுந்து போனால் அந்த வேளை முடிந்தது என்று தட்டை எடுத்துவிடுங்கள். மகளிடம் இதைச் சொல்லி, மாலையில் அவள் வந்ததும் ஒரு மணி நேரம் உங்களுக்கு முழு ஓய்வு வேண்டும் என்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.