கரடி எதிரில் வந்தால்? – அமெரிக்கக் காடுகளில் ஹைக்கிங் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி பதில்

கோடை வந்ததும் யெல்லோஸ்டோன், கிளேசியர், யோசெமிட்டி என்று தேசியப் பூங்காக்களுக்குப் பெர்மிட் எடுத்துவிட்டு, அப்புறம்தான் கரடி ஞாபகம் வந்து எனக்கு எழுதுகிறீர்கள். தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, அதனால் மொத்தமாக இங்கே. நான் இருப்பது சியாட்டிலில். கோடையானால் மொன்டானா, வயோமிங் பக்கம் முதுகுப்பையோடு கிளம்பிவிடுவேன். நான் ரேஞ்சர் கிடையாது, நடக்கிறவள், அவ்வளவுதான். நான் சொல்வதும் நீங்கள் போகிற பார்க்கின் ரேஞ்சர் சொல்வதும் வேறாக இருந்தால் ரேஞ்சர் சொல்வதைக் கேளுங்கள்.

புதுமலையேறி: அக்கா, ஒரே கேள்விதான். கரடி பாய்ந்தால் செத்த மாதிரி படுக்கணுமா, திருப்பி அடிக்கணுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது இது. ஆனால் கரடி உங்கள் மேல் கை வைத்த பிறகுதான் இதற்கு வேலையே வரும். சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

இங்கே முக்கியமாக இரண்டு வகை, கிரிஸ்லி என்கிற பழுப்புக் கரடியும் கருங்கரடியும். கிரிஸ்லி என்றால், அதுவும் குட்டியோடு இருந்தோ, திடீரென்று உங்களைப் பக்கத்தில் பார்த்தோ பயந்து மோதியது என்றால், குப்புறப் படுங்கள். பையைக் கழற்றாதீர்கள், அது முதுகைக் காக்கும். கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு, புரட்ட முடியாதபடி கால்களை அகட்டி வையுங்கள். நீங்கள் ஆபத்தில்லை என்று தெரிந்தால் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போய்விடும். போன கையோடு எழுந்து உட்காராதீர்கள், அது கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கருங்கரடி தாக்கினால் படுக்கவே கூடாது. கல், கட்டை, கைத்தடி, எது கிடைக்கிறதோ அதை வைத்து மூக்கிலும் கண்ணிலும் அடியுங்கள். எந்த இனமானாலும், ராத்திரி டெண்டுக்குள் புகுந்தால், அல்லது சத்தம் போடாமல் உங்களையே பின்தொடர்ந்து வந்து தாக்கினால், அது பயத்தில் வந்த கரடி இல்லை, உங்களை இரையாகப் பார்க்கிற கரடி. அப்போதும் சண்டைதான்.

டாலஸ்காரன்: இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு, அப்படித்தானே?

இந்த நினைப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கருங்கரடி பழுப்பிலும் இருக்கும், செம்பட்டையிலும் இருக்கும், கிட்டத்தட்ட கோதுமை நிறத்தில் கூட இருக்கும். கிரிஸ்லியிலும் நல்ல கறுப்பாக உண்டு. நிறத்தை விட்டுவிட்டு தோளைப் பாருங்கள். கிரிஸ்லிக்கு முன்தோளுக்கு மேல் ஒரு திமில் இருக்கும், மண்ணைத் தோண்டித் தோண்டி வளர்ந்த தசை அது. முகம் நடுவில் குழிந்திருக்கும், காது சின்னதாக உருண்டையாக இருக்கும். கருங்கரடிக்குத் திமில் கிடையாது, நெற்றியிலிருந்து மூக்கு வரை நேர்கோடு, காது நீண்டு நிமிர்ந்திருக்கும்.

இதைவிட நிச்சயமான வழி, எங்கே போகிறோம் என்று தெரிந்துகொள்வது. கலிஃபோர்னியாவில் கிரிஸ்லியே கிடையாது. மாநிலக் கொடியில் இருக்கிறது, காட்டில் 1920களிலேயே தீர்த்துக்கட்டிவிட்டார்கள். ஸ்மோக்கி மலைகளிலும் நியூ ஜெர்சியிலும் கருங்கரடி மட்டும்தான். யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், கிளேசியர், கனடாவின் பான்ஃப், அப்புறம் அலாஸ்கா, இங்கெல்லாம் இரண்டும் உண்டு.

பே ஏரியா மாமா: யோசெமிட்டிக்குக் குடும்பத்தோடு போகிறோம். கரடி ஸ்ப்ரே ஆளுக்கு ஒன்று வாங்கிவிட்டேன்.

மாமா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கரடியை விரட்ட அடிக்கிற அந்தக் காரப் புகையை யோசெமிட்டிக்குள் கொண்டுபோகவே அனுமதி இல்லை. அங்கே உங்களுக்குக் கரடியால் ஆபத்து கம்மி, உங்கள் காருக்குத்தான் ஆபத்து. 1998இல் அந்த ஒரே வருடத்தில் கரடிகள் அங்கே 1,500 தடவைக்கு மேல் காரை உடைப்பது, சாப்பாட்டைத் தூக்குவது என்று அட்டகாசம் பண்ணின. கார்க் கதவின் மேல் விளிம்பைப் பிடித்துத் தகரம் மாதிரி மடக்கிவிடும். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டைப் பூட்டி வைக்கிற இரும்புப் பெட்டிகளும் கண்டிப்பான விதிகளும் அதிகமாகி எண்ணிக்கை அடியோடு குறைந்தது. குழந்தையின் கார் சீட்டுக்கு அடியில் கிடக்கிற பிஸ்கட் துண்டு, டிக்கியில் மறந்துபோன சூயிங்கம், எல்லாவற்றையும் இரும்புப் பெட்டிக்கு மாற்றுங்கள். ராத்திரி காருக்குள் எதுவும் இருக்கக் கூடாது.

பூரணி: நாலு நாள் பேக்பேக்கிங். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் எடுத்துப் போகலாமா? வாசனை தூக்குமே.

தாராளமாக எடுத்துப் போகலாம். வெந்நீர் ஊற்றிய மேகி என்றாலும் நெய் மணக்கிற புளியோதரை என்றாலும் கரடியின் மூக்குக்கு இரண்டும் எட்டும். வாசனையை ஒழிக்க முடியாது, கைக்கு எட்டாமல்தான் வைக்க முடியும்.

அதற்குத்தான் கேனிஸ்டர் என்கிற கெட்டி பிளாஸ்டிக் டப்பா. யோசெமிட்டியின் உள்காடு முழுக்க அது கட்டாயம், வாங்க வேண்டாம் என்றால் பெர்மிட் தருகிற இடத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். பெரிய அளவு ஒரு கிலோவுக்கு மேல் எடை இருக்கும், பைக்குள் சரியாக உட்காராது, எல்லோரும் முணுமுணுப்பார்கள், நானும்தான். ஆனால் அதற்குள் போக வேண்டியது சாப்பாடு மட்டும் இல்லை. டூத்பேஸ்ட், சன்ஸ்கிரீன், உதட்டுத் தைலம், தேங்காய் எண்ணெய், ஈரத்துணி, குப்பை, காலி ஊறுகாய்க் கவர், எல்லாமே உள்ளே. முதல் நாள் ராத்திரி மூடி சாத்த முடியாமல் திணறுவீர்கள், அதனால் வீட்டிலேயே ஒரு தடவை அடுக்கிப் பார்த்துவிடுங்கள். பொடி வகைகளைப் பாட்டிலில் எடுக்காமல் ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றினால் பாதி இடம் மிச்சம்.

டப்பாவை மரத்தில் தொங்கவிடாதீர்கள், ஆற்றோரத்திலோ பள்ளத்தின் விளிம்பிலோ வைக்காதீர்கள், உருட்டிக்கொண்டு போய்விடும். சமதரையில், டெண்டிலிருந்து தள்ளி வையுங்கள். கிரிஸ்லி ஊரில் சமைப்பது, சாப்பிடுவது, சாப்பாட்டை வைப்பது மூன்றையும் டெண்டிலிருந்து 100 கஜம், அதாவது சுமார் 90 மீட்டர், தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சமைக்கும்போது போட்டிருந்த சட்டையோடு தூங்காதீர்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், கிளேசியரில் 1967 ஆகஸ்டில் ஒரே ராத்திரியில் இரண்டு வெவ்வேறு இடங்களில் இரண்டு வெவ்வேறு கிரிஸ்லிகள் இரண்டு இளம்பெண்களைக் கொன்றன. அந்தப் பார்க் தொடங்கியதிலிருந்து அதுவரை அப்படி ஒரு சாவு நடந்ததே இல்லை. பார்த்தால், ஒரு விடுதியின் பின்னால் கொட்டிய மிச்சம் மீதியைத் தின்ன கரடிகள் தினமும் வந்துபோக, விருந்தாளிகள் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனிதனிடம் சோறு கிடைக்கும் என்று பழகின கரடிதான் மோசமான கரடி. பழக்கிவிடுவது நாம், சுட்டுக் கொல்லப்படுவது அது.

மலைக்கோட்டை: கிளேசியர் போகிறோம். பையில் கட்டுகிற மணி விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். அந்தக் கிணுகிணு சத்தம் ரொம்பத் தூரம் போகாது, காற்றடித்தால், பக்கத்தில் ஓடை இருந்தால் உங்களுக்கே கேட்காது. மனிதக் குரல்தான் நல்லது. பேசுங்கள், கைதட்டுங்கள், வளைவு வருகிறபோதும் புதர் அடர்ந்த இடத்திலும் ஓடைச் சத்தத்தின் பக்கத்திலும் ‘ஏய் கரடி’ என்று உரக்கக் கூப்பிடுங்கள். எங்கள் கூட்டத்தில் பாட்டுக்குப் பாட்டு விளையாடிக்கொண்டே போவோம், கரடியைத் தவிர மற்ற எல்லோரும் முறைப்பார்கள். மூன்று பேருக்கு மேல் சேர்ந்து போங்கள், பிரிந்து போகாதீர்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு ஓடுகிற ட்ரெயில் ரன்னர்களையும் சத்தமில்லாமல் வேகமாக வருகிற சைக்கிள்காரர்களையும் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கிரிஸ்லிக்குத் திடீரென்று எதிரில் வருகிறவர்களை ஆகாது.

டாலஸ்காரன்: ஸ்ப்ரே உண்மையிலேயே வேலை செய்யுமா? மிளகாய்ப் பொடி மாதிரிதானே?

மிளகாயின் காரச் சத்துதான், கேப்சைசின். ஆனால் ஆட்களுக்கு அடிக்கிற சின்ன பெப்பர் ஸ்ப்ரே இதற்குப் போதாது, கரடிக்கென்றே பதிவு செய்யப்பட்டதை வாங்குங்கள். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை ஸ்ப்ரே பயன்படுத்திய சம்பவங்களை ஆராய்ந்தார்கள். பழுப்புக் கரடிகள் மேல் அடித்த சம்பவங்களில் 92 சதவீதத்தில் அவற்றின் வேண்டாத நடத்தையை அது நிறுத்தியிருக்கிறது.

விஷயம் என்னவென்றால் பலர் அதைப் பைக்குள் அடியில் போட்டு வைக்கிறார்கள். கரடி ஓடி வருகிற நேரத்தில் ஜிப்பைத் திறந்து தேட முடியாது. இடுப்பில் அல்லது பையின் மார்புப் பட்டையில் மாட்டுங்கள், எடுத்து பாதுகாப்பு கிளிப்பை நீக்கப் பழகுங்கள். கரடி சுமார் 10 மீட்டர் தூரத்துக்கு வரும்போது, முகத்துக்குக் கொஞ்சம் கீழே குறிபார்த்து, இடையில் ஒரு புகைச்சுவர் மாதிரி எழும்படி அடியுங்கள், அதற்குள் அது ஓடி வரட்டும். ஒரு கேன் மொத்தமே சில விநாடிகள்தான், முன்னாடியே காலி பண்ணாதீர்கள். காலாவதித் தேதி பாருங்கள், வெயிலில் நிற்கிற காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், வெடிக்கும். கொசு மருந்து மாதிரி டெண்டின் மேலும் உடம்பிலும் அடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், காய்ந்த பிறகு அந்த வாசனையே கரடியை இழுக்கும். விமானத்தில் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. போன ஊரில் வாங்குங்கள்.

எடிசன் எக்ஸ்பிரஸ்: கரடி பார்த்துவிட்டது, ஆனால் இன்னும் பாயவில்லை. அப்போது?

ஓடாதீர்கள். கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், இறக்கத்திலும் ஓடும். மரமும் ஏறும், கருங்கரடி உங்களைவிட நன்றாகவே ஏறும்.

நீங்கள் நியூ ஜெர்சி என்பதால் சொல்கிறேன். 2014 செப்டம்பரில் வெஸ்ட் மில்ஃபோர்டில் ஐந்து நண்பர்கள் நடக்கப் போனார்கள். எதிரில் வந்தவர்கள் கரடி இருக்கிறது என்று எச்சரித்தும் போய்ப் படம் எடுத்தார்கள். கரடி பின்னாலேயே வர ஆரம்பித்தது, பயந்து ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள், ஒரு மாணவர் திரும்பவில்லை. அந்த மாநிலத்தில் கரடி மனிதனைக் கொன்றதாகப் பதிவான முதல் சம்பவம் அது. கருங்கரடி பின்தொடர்ந்தால் ஐந்து பேரும் தோளோடு தோள் நின்று, கையைத் தூக்கிப் பெரிதாகத் தெரிந்து, கத்த வேண்டும், கல்லெறிய வேண்டும்.

கிரிஸ்லி என்றால் கத்தாதீர்கள். தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே, கண்ணை நேராக முறைக்காமல், ஸ்ப்ரேயைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். இரண்டு காலில் நின்றால் பயப்பட வேண்டாம், மோப்பம் பிடித்துப் பார்க்கிறது. புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டாலோ பல்லை நறநறத்தாலோ தரையை அறைந்தாலோ நீங்கள் ரொம்பக் கிட்டே இருக்கிறீர்கள் என்று பொருள். சில நேரம் பாய்ந்து வந்து பாதியில் நின்றுவிடும். அது மிரட்டல்தான், ஆனால் அந்த நேரத்தில் உங்களுக்கு அப்படித் தோன்றாது. நகராமல் நில்லுங்கள்.

பெயர் வேண்டாம்: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மாதவிடாய் நாளில் போகலாமா? கூட வருகிறவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

கூச்சமே வேண்டாம், போகலாம். மேலே சொன்ன 1967 சம்பவத்துக்குப் பிறகு கிளம்பின சந்தேகம் இது. கிரிஸ்லியோ கருங்கரடியோ அந்த வாசனைக்குத் தேடி வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று யெல்லோஸ்டோன் பார்க்கே எழுதி வைத்திருக்கிறது. பயன்படுத்திய பேடுகளை இரட்டை ஜிப் கவரில் போட்டு சாப்பாட்டோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள், புதைக்காதீர்கள். உங்களைத் தடுக்கிறவர்களிடம் அவர்கள் பாக்கெட்டில் இருக்கிற சாக்லேட்டைப் பற்றிக் கேளுங்கள்.

குன்னூர் பையன்: இதெல்லாம் நம்ம ஊர்க் கரடிக்கும் பொருந்துமா? கோத்தகிரி எஸ்டேட் பக்கம் சாதாரணமாக நடமாடுகிறதே.

அப்படியே பொருந்தாது, இதைக் கவனமாகப் படியுங்கள். நீலகிரியில் இருப்பது தேன்கரடி, கரையானும் பழமும் தேனும் தின்கிறது. குளிர்காலம் முழுக்கத் தூங்குகிற வழக்கம் அதற்கு இல்லை, வருடம் முழுக்க வெளியில்தான். அமெரிக்கக் கருங்கரடி பயந்தால் மரம் ஏறித் தப்பிக்கும். புலியோடு ஒரே காட்டில் வாழ்கிற நம்ம கரடி பயந்தால் எதிர்த்துப் பாய்கிறது, பெரும்பாலும் முகத்தைக் குறிவைக்கிறது. ஆகவே கத்திக் கல்லெறிந்து மிரட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். கூட்டமாகப் பேசிக்கொண்டு போங்கள், விடியலிலும் இருட்டிய பிறகும் தேயிலைக்குள் தனியாக இறங்காதீர்கள், தூரத்தில் பார்த்தால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள்.

மற்றபடி சோற்று விஷயம் அங்கேயும் அதேதான். கோயில் விளக்கு எண்ணெய்க்கும் கடைப் பண்டத்துக்கும் கரடி ஊருக்குள் வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் நுழையாதீர்கள்.

இரண்டு வால் அம்மா: பையன்களுக்கு ஆறும் ஒன்பதும். கூட்டிப் போகலாமா?

போகலாம். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளைகள். முன்னே ஓட விடாதீர்கள். கரடியைப் பார்த்தால் அலறாமல் அம்மா கையைப் பிடிக்கணும் என்று வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள்.

பூரணி: இவ்வளவும் படித்த பிறகு, பத்திரமாக ஒரு கிரிஸ்லியைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. எங்கே போகணும்?

யெல்லோஸ்டோனில் லமார் பள்ளத்தாக்கு அல்லது ஹேடன் பள்ளத்தாக்கு. மே கடைசி, ஜூன் தொடக்கம், விடிவதற்கு முன்னாலேயே போய்விடுங்கள். சாலையோரத்தில் ஸ்டாண்டில் தொலைநோக்கி வைத்துக்கொண்டு நாலைந்து பேர் நிற்பார்கள், பக்கத்தில் போய் நின்றால் அவர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள். கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம் தள்ளி நிற்கணும் என்பது அங்கே சட்டம், காட்டெருமை போன்ற மற்றவற்றுக்கு 25 கஜம். நல்ல பைனாகுலர் எடுத்துப் போங்கள், ஜாக்கெட்டும் வேண்டும், ஜூனிலும் காலையில் கை விறைக்கும்.