பட்டியல் வேண்டாம், ஒன்றே போதும்
வணக்கம். அதிகம் பேசப்படாத 20 இசை ஆல்பங்களை நண்பர்களுக்கு அனுப்பியும் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். பட்டியலின் நீளமே அவர்களை மலைக்க வைத்திருக்கும். ஒரே ஓர் ஆல்பத்தை, ஒரே ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் காது கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நான் பெரும்பாலும் ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' (1972) ஆல்பத்தில்தான் தொடங்குவேன். மொத்தமே 28 நிமிடம், குரலும் கிட்டாரும்தான். முதல் பாட்டின் நடுவே மட்டும் பியானோ சில சுரங்களை உதிர்த்துவிட்டுப் போகும். ஆல்பம் முடியும்வரை அது திரும்பி வராது. "அந்தப் பியானோவைக் கவனியுங்கள்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் கேட்டுவிடுகிறார்கள். வெளிவந்த காலத்தில் மிகச் சிலரே அதை வாங்கினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

கேட்டாயிற்றா என்று மறுநாளே விசாரிக்காதீர்கள், ஒரு வாரம் விடுங்கள். உங்கள் இருபதில் முதலில் எதை அனுப்பப் போகிறீர்கள்?