டிரெய்லருக்கு இடதுபக்கம் போகலாமா?

கேள்வி: புதிதாகக் கார் வாங்கியிருக்கிறேன். திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துக்குத் தினமும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வழியாக வேலைக்குப் போகிறேன். பக்கத்தில் கன்டெய்னர் வந்தாலே கை நடுங்குகிறது. "ஹாரன் அடித்துக்கொண்டே இடதுபக்கமாக ஏறிப் போய்விடு" என்கிறார் என் கணவர். அது சரியா?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: சரியில்லை அம்மா. உங்கள் வீட்டுக்காரர் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனால் 22 வருடம் துறைமுகத்துக்கும் மணலிக்கும் நடுவே டிரெய்லர் ஓட்டியவன் நான். அந்த இடதுபக்கம்தான் எங்களுக்குக் கண் இல்லாத பக்கம்.

டிரைவர் சீட் வலதுபக்கம், அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே. இடது முன்சக்கரத்தை ஒட்டி ஒரு சின்ன கார் வந்தால் அதன் கூரைகூட டிரைவருக்குத் தெரியாது. முன்பெல்லாம் கிளீனர் பையன் அந்தப் பக்கம் தலையை நீட்டிக்கொண்டு, கதவைப் படபடவென்று தட்டி, "ஹோல்டான், ஹோல்டான்" என்று கத்துவான். இப்போது பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. இருப்பது கண்ணாடி மட்டும்தான். அதிலும் துறைமுகத் தூசி படிந்திருக்கும்.

இடது ஓரத்தில் பைக்கும் ஷேர் ஆட்டோவும் நின்று நின்று போகும். அதற்குப் பயந்து டிரெய்லர்கள் மீடியனை ஒட்டியே ஓடும். இடதுபக்கம் காலியாக இருக்கிறதே என்று கார்கள் நுழையும். எனக்கு நடந்ததும் இதுதான். மணலிப் பக்கம் இடதுபுறம் திரும்ப வேண்டும். 40 அடி பெட்டி. நேராக ஒடித்தால் பின்சக்கரம் பிளாட்பாரத்தில் ஏறிவிடும் என்பதால், முதலில் வண்டியை வலதுபக்கம் அகட்டினேன். பின்னால் வந்தவர் நான் வலதுபக்கம் போகிறேன் என்று நினைத்து இடதுபக்கச் சந்தில் நுழைந்துவிட்டார். திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே அறுத்துக்கொண்டு வரும். டீக்கடைக்காரர் கூச்சல் போட்ட பிறகுதான் மிதித்தேன். இறங்கி ஓடிப் பார்த்தால், காரின் பின்கதவு தகர டப்பா மாதிரி மடங்கி, டயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவருக்குக் காயமில்லை. ஸ்டீரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் பின்னாலேயே பொறுமையாக வாருங்கள், ஆனால் ஒட்டிக்கொண்டு வராதீர்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனாலே ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடிவிடுவீர்கள். டிரெய்லரின் தளம் உங்கள் கார் கண்ணாடி உயரத்தில் இருக்கும், பானட் அதற்கு அடியில் புகுந்துவிடும். டிரெய்லர் டிரைவருடைய வலது கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிகிற அளவு தள்ளி வாருங்கள். முகம் தெரியாவிட்டால், அவருக்கும் நீங்கள் இல்லை. முந்துவதென்றால் வலதுபக்கம், ஹாரன் கொடுத்து, இரவானால் லைட்டை ஒரு தடவை டிம் அடித்து, நடுவில் தயங்காமல் ஒரே மூச்சில் போங்கள். முந்தியதும் சட்டென்று முன்னால் வெட்டாதீர்கள். உங்கள் உள்கண்ணாடியில் அவருடைய இரண்டு ஹெட்லைட்டும் தெரிந்த பிறகு உள்ளே வாருங்கள். லோடு ஏற்றினால் 40 டன்னைத் தாண்டுகிற வண்டி அது. ஏர் பிரேக்கில் காற்று கடைசிச் சக்கரம் வரை போய்ச் சேரவும் ஒரு கணம் ஆகும். அவர் மனது வைத்தாலும் உடனே நிற்காது.

காலையில் துறைமுகத்துக்கு கன்டெய்னர்கள் வரிசை கட்டி நிற்கும் நாட்களில் இன்னும் கவனம். வரிசையை ஒட்டிப் போகும்போது டிரைவர் கதவு உங்கள் பக்கம்தான் திறக்கும். இரண்டு வண்டிக்கு நடுவிலிருந்து டீ வாங்கப் போகிறவர் திடீரென்று இறங்குவார். நிற்கிற வண்டி 'புஸ்' என்று காற்று விட்டால், கைபிரேக் போட்டாரா, கால் பிரேக்கை விட்டாரா என்று யோசிக்க வேண்டாம். நகரப் போகிறது என்றே எடுத்துக்கொண்டு விலகுங்கள்.

கை நடுங்குவது தப்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த டிரைவர் யாராவது இருந்தால், நிற்கிற டிரெய்லரில் ஏறி அவர் சீட்டில் உட்காருங்கள். உங்கள் காரை வீட்டுக்காரர் இடதுபக்கம் கொண்டுவந்து நிறுத்தட்டும். அப்புறம் அவரையும் ஏற்றி உட்கார வையுங்கள்.

கேள்வி: இரவில் விளக்கில்லாமல் ஓரமாக நிற்கும் லாரியை எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், மணலி

பதில்: பின்பக்கச் சிவப்பு ஸ்டிக்கர் சேறு படிந்திருந்தால் கடைசி நேரம் வரை தெரியாது. உங்கள் லைட் எவ்வளவு தூரம் அடிக்கிறதோ, அதற்குள் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் போக வேண்டும். எதிரே வருகிற வண்டியின் ஹை பீம் கண்ணைக் கூசினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.