எண்ணெய் விட்டு வைத்த மெஷின்

கேள்வி: எனக்கு 36 வயது. சென்னை வேளச்சேரியில் கணவர், ஒன்பது வயது மகள், மாமியாருடன் ஃப்ளாட்டில் வசிக்கிறேன். கணவர் கைபேசியில் எதையாவது ஆர்டர் செய்துகொண்டே இருப்பார். வாரம் நான்கைந்து பார்சல்கள் வரும். வெறுத்துப்போய், சுற்றுச்சூழலுக்காகவும் மன நிம்மதிக்காகவும் நான் எளிய வாழ்க்கைக்கு மாறினேன். நான்கே மாதங்களில் பதினேழு மூட்டைகளை வெளியேற்றினேன். பழைய உடைகளையெல்லாம் கொடுத்துவிட்டு, வெளிர் நிறத்தில் பன்னிரண்டு லினன் உடைகள் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு எண்ணெய் விட்டுப் பொட்டு வைப்பதைத் தவிர வேறெதற்கும் பயன்படாமல் பால்கனியில் கிடந்த மாமியாரின் தையல் மெஷினையும், அவர் திருச்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது எடைக்குப் போட்டேன். திரும்பி வந்ததிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கணவரும் மாறவில்லை. எளிமையின் அருமையை இருவருக்கும் எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எண்ணெய் விட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு எப்படி அது பயன்படாத பொருள் ஆகும்?

கைவிட்ட பொருளுக்கு யாரும் எண்ணெய் விடுவதில்லை. ஆண்டு தவறாமல் தூசி தட்டி, பெல்ட்டைச் சரிபார்த்து, குங்குமம் வைக்கிறவர், அந்த மெஷினோடு தன் கணக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்கிறார். அது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமலா அவர் திருச்சிக்குப் போன நாளைத் தேர்ந்தெடுத்தீர்கள்? கேட்டால் மறுப்பார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. பெரியவர் ஒருவர் உயிரோடு இருக்கும்போது அவர் பொருளை அவரைக் கேட்காமல் வெளியேற்றுவதற்குத் திருட்டு என்று பெயர். எடைக்கு வந்த காசைக் கோயில் உண்டியலில் போட்டிருந்தாலும் அதே பெயர்தான். அவர் உங்களோடு சரியாகப் பேசவில்லை என்று குறைப்படுகிறீர்கள். இத்தோடு விட்டாரே என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதே வருத்தத்தைச் சொல்லிச் சில ஆண்டுகளாக நிறைய கடிதங்கள் வருகின்றன. வீட்டைக் காலி செய்தேன், மற்றவர்களுக்குப் புரியவில்லை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நீங்கள் சுற்றுச்சூழலுக்காகச் செய்தேன் என்கிறீர்கள். அதனால் அந்தக் கணக்கையே பார்த்துவிடுவோம். உங்கள் வீட்டில் இருந்த பொருள்களிலேயே, புதிதாக வாங்குவதைக் குறைக்க உதவக்கூடியது அந்தத் தையல் மெஷின். அதையே அனுப்பியிருக்கிறீர்கள்.

என் அம்மா பாவாடை தைக்கும்போதே அடியில் மூன்று டக் (துணியை மடித்துப் போடும் தையல்) வைத்துத் தைப்பார். நான் வளர வளர, பழைய பிளேடால் நூலை மெல்ல அறுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவார். டக்குக்குள் மடிந்திருந்த துணியில் மட்டும் பழைய நிறம் மங்காமல் இருக்கும். என் கத்திரிப்பூ நிறப் பாவாடையில் அப்படி இரண்டு பட்டைகள் அடர்த்தியாகத் தெரியும். அதை எத்தனை வருடமாகக் கட்டுகிறேன் என்று வகுப்பில் யார் வேண்டுமானாலும் எண்ணிச் சொல்லிவிடலாம். அப்போது வெட்கமாக இருந்தது. பிறகு அது தங்கைக்குப் போனது. அவளுக்கும் சின்னதாகிப் போனதும் தலையணை உறை ஆனது. கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகக் கிடந்தது. ஒரே பாவாடை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் எங்கள் வீட்டில் உழைத்தது. உங்கள் மாமியாருக்கும் இந்த வித்தை தெரிந்திருக்கும். நீங்கள் அவரிடம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இப்போது அந்தப் பன்னிரண்டு லினன் உடைகளுக்கு வருகிறேன். லினன் என்பது ஆளிச்செடியின் நார். பெரும்பாலும் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் விளைகிறது. நல்ல துணிதான். ஆனால் உங்களிடம் உடுத்த ஏற்கெனவே துணி இருந்ததே! ஒரு உடையால் வரும் சேதத்தின் பெரும்பங்கு, அது தையல்காரர் கைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்குமேல் சாயம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருகிற நொய்யலுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். பாசனத்துக்காக அந்த ஆற்றின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணையில் தண்ணீர் இருந்தும் வேண்டாம் என்று ஒரு விவசாயி சொல்ல வேண்டுமென்றால், அவர் நிலம் என்ன பாடு பட்டிருக்க வேண்டும்! 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அவ்வளவு விலை கொடுத்து உங்கள் அலமாரிக்கு வந்த சுடிதாரை, இன்னும் ஐந்து வருடம் உழைக்கக்கூடியதை, நிறம் பொருந்தவில்லை என்று அனுப்பியிருக்கிறீர்கள். கணவர் வாரம் ஐந்து வாங்குகிறார் என்று சொல்கிற நீங்கள், ஒரே மூச்சில் பன்னிரண்டு வாங்கியிருக்கிறீர்கள்.

பதினேழு மூட்டைகளும் வாசலைத் தாண்டியதோடு உங்களுக்குக் கவலை விட்டது. அவை போய்ச் சேரும் இடம் இருக்கிறதே. வேளச்சேரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே கொட்டிக் குவித்ததுதான் பெருங்குடி குப்பைக் கிடங்கு. 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்துப் பல நாட்கள் புகைந்தபோது நீங்களும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்திருப்பீர்கள். பறவைகள் வந்திறங்கும் அந்தச் சதுப்பு நிலம் அதே ஆண்டில்தான் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலையும் நடந்தது. மட்காத துணியும் பிளாஸ்டிக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போயின. தானமாகத்தானே கொடுத்தேன் என்பீர்கள். உலகமே தானம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கழித்த துணி மலை மலையாக ஹரியானாவின் பானிபட்டுக்கு வந்து, மறுபடி நூலாக்குவதற்காகக் கிழிபடுகிறது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத உடைகள் மணலில் குவிந்து கிடக்கின்றன. உங்கள் அலமாரி காலியானால் பூமியின் பாரம் குறைந்தது என்று யார் சொன்னார்கள்? இருக்கிற பொருளை நைந்துபோகும்வரை உழைக்கவிட்டால்தான் அது குறையும்.

கணவர் விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் செய்வது தவறு. வருமானம் இருக்கிறது என்பது தேவையில்லாததை வாங்கக் காரணம் ஆகாது. இனி எந்தப் பார்சலையும் நீங்கள் பிரிக்காதீர்கள். அட்டைப்பெட்டியை மடித்து, குமிழ் பிளாஸ்டிக்கைச் சுருட்டி, பழைய பேப்பர் கடைவரை அவரே கொண்டுபோய்ப் போடட்டும். ஆனால் நீங்களும் அலமாரியை மாற்றிக்கொண்டிருக்கும்வரை அவருக்கு அறிவுரை சொல்லாதீர்கள். காதில் ஏறாது.

நாளைக்கே அந்தக் காயலான் கடைக்குப் போங்கள். ஓடுகிற தையல் மெஷினைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் உடைக்காமல் தனியே எடுத்து வைத்துத்தான் விற்பார்கள். நீங்கள் வாங்கிய காசைப் போல மூன்று மடங்கு கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுங்கள். விற்றுப்போயிருந்தால், மன்னிப்பு என்று சொல்லிப் புது மோட்டார் மெஷின் ஒன்றை ஆர்டர் செய்து மாமியார் முன் வைத்துவிடாதீர்கள். அவர் எதிரில் உட்கார்ந்து, "அத்தை, நான் உங்களைக் கேட்காமல் செய்தது தப்பு" என்று சொல்லுங்கள். காரணம் எதையும் அடுக்காதீர்கள். அந்த மெஷின் எப்போது வந்தது, அதில் முதலில் எதைத் தைத்தார் என்று கேளுங்கள். சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள். சொல்லாவிட்டாலும் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.

மகளுக்கு ஒன்பது வயது என்று எழுதியிருக்கிறீர்கள். பாபினில் நூல் சுற்றவும் ஊசியில் கோக்கவும் சரியான வயது. அதைச் சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.

கடைக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள். காலால் மிதிக்கும் மெஷினின் அடிக்கட்டு வார்ப்பிரும்பு. அதைப் படியேற்ற இரண்டு பேர் வேண்டும்.