கொழுந்தனார் கடை மெத்தையும் 18 தவணையும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். கொழுந்தனார் வேலை பார்க்கும் கடையில் 26 மாதம் முன்பு 18,000 ரூபாய்க்கு வாங்கிய ஃபோம் மெத்தை நடுவில் குழிந்துவிட்டது. ஐந்து வருட வாரண்டி உண்டு. கடையிலோ, 32,000 ரூபாய் மெமரி ஃபோம் மாடலுக்கு மட்டும்தான் எக்ஸ்சேஞ்ச் என்கிறார்கள். பழசுக்கு 5,000 கழிவு. மீதி 27,000-ஐ வட்டியில்லாமல் 18 தவணையில் கட்டலாம், பிராசஸிங் கட்டணம் 600. ரொக்கம் என்றால் 15 சதவீதம் தள்ளுபடியாம். அதே கடையில் எடுத்த ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் தவணை ஏற்கெனவே மாதம் 4,100 போகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எது வாங்கினாலும் கொழுந்தனார் கடை, எது வாங்கினாலும் தவணை. இந்தப் பழக்கம்தான் உங்களைக் குழியில் இறக்குகிறது. மாதம் 1,500தானே என்று பார்த்தால் விலை கண்ணில் படாது.

ரொக்கத் தள்ளுபடியில் அதே மெத்தை 27,200. எக்ஸ்சேஞ்சில் 27,000, கட்டணத்தோடு 27,600. ஆக, பழைய மெத்தையையும் கொடுத்து 400 ரூபாய் கூடுதலாகவும் கட்டுகிறீர்கள். வட்டியில்லாத் தவணையின் வட்டி இப்படித்தான் ஒளிந்திருக்கும்.

வாரண்டி உயிரோடு இருக்கும்போது எக்ஸ்சேஞ்ச் பேச்சே எதற்கு? முதலில் மெத்தையைத் தரையில் போட்டுப் பாருங்கள். குழி மறைந்தால் குற்றம் கட்டிலில். கட்டிலின் குறுக்குச் சட்டங்களுக்கிடையே 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் 12 மி.மீ. பிளைவுட் போட்டால் தீர்ந்தது. மறையவில்லையென்றால், குறுக்கே நேரான கம்பு வைத்து, ஆள் படுக்காத நிலையில் ஆழத்தை அளந்து படமெடுங்கள். பொதுவாக ஓர் அங்குலமாவது இருந்தால்தான் கம்பெனி ஏற்கும். கறை இருந்தாலோ லேபிளைக் கிழித்திருந்தாலோ தட்டிக்கழிப்பார்கள். பில்லோடு கம்பெனிக்கே நேரடியாகப் புகார் எழுதுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பயன்படுத்திய வருடங்களுக்குக் கழித்துக்கொண்டு மீதி மதிப்பைத்தான் தருவார்கள் என்றாலும் வாங்குங்கள்.

புதிதுதான் வேண்டுமென்றால், மெமரி ஃபோம் உடல் சூட்டைப் பிடித்து வைக்கும். கடலூர் மே மாதத்தில் அதற்கென்று ஏசி ஓட வேண்டும். மலிவான ஸ்பிரிங்குக்கு உப்புக்காற்று ஆகாது. ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டியது) அல்லது ரப்பர் கலந்த நார் அடிப்பாகம், மேலே ஓர் அங்குல மென்ஃபோம், மொத்தம் 5 அங்குலம் போதும். டென்சிட்டியை (அடர்த்தி, கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது) பில்லில் எழுதி வாங்குங்கள்: ரீபாண்டடுக்கு 90-க்குக் குறையாமல், சாதா ஃபோமுக்கு 32-க்குக் குறையாமல். கட்டிலின் உள் அளவை எடுத்துக்கொண்டு போங்கள். அளவுக்கு வெட்டித் தைத்ததை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. பெட்டிக் கட்டில் என்றால் பலகையில் துளைகள் போடுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் அடியில் பூஞ்சை பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றுங்கள்.

இப்போதைய மெத்தை உங்களுக்கு மாதம் 700 ரூபாய் பிடித்திருக்கிறது. 14,000 ரூபாய் மெத்தை ஏழு வருடம் தாங்கினால் மாதம் 170கூட ஆகாது. தவணைக்குத் தயாராக வைத்திருந்த 1,500-ஐ அஞ்சலக ஆர்.டி.க்குப் பதில் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள் (ஆர்.டி.யை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது), பத்தாவது மாதம் ரொக்கமாகவே வாங்கலாம், திருப்பாதிரிப்புலியூரிலோ புதுச்சேரியிலோ நாலு கடை விலை கேட்டு.

கொழுந்தனாரிடம், வாரண்டிப் புகார் எண்ணை மட்டும் வாங்கித் தரச் சொல்லுங்கள்.