பிஎச்.டி. விண்ணப்பத்துக்கு முன்னால் நோயாளிகளை எண்ணுங்கள்

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுத் திருநெல்வேலி பக்கம் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். ஐந்து வயதில் மகன் இருக்கிறான். வேலையை விடாமல் பகுதி நேரமாக பிஎச்.டி. செய்ய ஆசை. சர்க்கரை நோயாளிகளின் கால் பராமரிப்பு பற்றி ஆய்வு செய்ய நினைக்கிறேன். தெரிந்த பேராசிரியை ஒருவர் நெறியாளராக இருக்கச் சம்மதித்திருக்கிறார், ஆனால் அவர் இரண்டு ஆண்டில் ஓய்வு பெறுகிறார். எவ்வளவு காலம் ஆகும், எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் நெறியாளர் விஷயத்தை முடித்துவிடுவோம். 2022 நவம்பரில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைப்படி, ஓய்வு பெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிதாக ஆய்வு மாணவர்களை எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பேராசிரியையிடம் ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள், நெறியாளராக வேறொருவரைத் தேடுங்கள். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். பெரிய பெயர் உள்ளவரிடம் இடம் காலியாக இல்லாமல் போகலாம். அவரிடம் இப்போது ஆய்வு செய்கிறவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை வாரத்தில் திரும்பி வருகிறது? அந்தப் பதில் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

பகுதி நேர பிஎச்.டி.க்குத் தடை இல்லை. முதுநிலைப் படிப்பில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. கல்லூரியிலிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பகுதி நேரமாகப் படிக்க அனுமதிக்கிறோம், ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் (பிஎச்.டி.க்காகப் படித்து முடிக்க வேண்டிய பாடங்கள்) முடிக்க விடுவிப்போம் என்ற மூன்றும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். முதல்வர் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது. நிர்வாகம் மாறினால் அந்த வார்த்தையும் போய்விடும்.

குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு வரை கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுத் தளர்வு இருக்கிறது. மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் எடுக்கலாம். மகன் சின்னப் பையன் என்பதால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேரும் பல்கலைக்கழகம் தன் பங்குக்குக் கூடுதல் நிபந்தனைகள் வைத்திருக்கலாம், அந்த ஆண்டு அறிவிக்கையைக் கடைசி வரி வரை படியுங்கள்.

சரி, தலைப்புக்கு வருவோம். என் கவலை எல்லாம் இங்கேதான்.

நர்சிங் ஆய்வுகளில் ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. ஐம்பது அறுபது நோயாளிகளிடம் ஒரு கேள்வித்தாள், பிறகு கால் பராமரிப்பு பற்றி ஒரு வகுப்பு, ஏழாம் நாள் அதே கேள்வித்தாள். மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் எப்படி இருக்கும்? போன வாரம் சொல்லிக்கொடுத்ததைத்தானே இந்த வாரம் கேட்கிறோம்! அந்த வகுப்பால் ஒரு விரலாவது வெட்டப்படாமல் தப்பியதா என்பது ஆய்வு முடிந்த பிறகும் யாருக்கும் தெரியாது. ஐந்தாறு ஆண்டு உழைப்பை இதில் போடாதீர்கள். ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தலைப்பில் வந்தவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் 'ஆய்வின் வரம்புகள்' பகுதியை முதலில் படியுங்கள். முன்னால் போனவர்கள் செய்ய முடியாமல் விட்டது அங்கே எழுதியிருக்கும்.

நல்ல கேள்விக்கு உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. 1956-இல் இங்கே காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியபோது நோயாளிகள் ஏராளம், கட்டில்கள் கொஞ்சம். சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, நெரிசலான வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா என்று கேட்டார்கள். நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே அளவு பலன் தந்தது, நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையின் போக்கு அதனால் மாறியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். கட்டில் போதவில்லை என்ற அன்றாடக் கஷ்டத்திலிருந்து வந்த கேள்வி அது. உங்கள் வார்டிலும் அப்படி ஒன்று இருக்கும்.

உதாரணத்துக்கு இதைப் பாருங்கள். சர்க்கரை நோயால் காலில் வந்த புண் ஆறிய பிறகு, ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடியும் வருகிறது. பெரும்பாலும் உணர்வு போன கால்கள் இவை. கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் மோனோஃபிலமென்ட் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அது வளையும்வரை அழுத்துங்கள். 'இப்போ தொடுகிறதா?' என்று கேட்டால் பேசாமல் இருப்பார். அவருக்குச் செருப்புக்குள் கிடக்கும் கல்லும் தெரியாது. இப்படிப்பட்டவரிடம் ஒரு நர்ஸ் வாரம் ஒருமுறை போனில் பேசி, வீட்டில் ஒருவரைக் கொண்டு பாதத்தைப் பார்க்க வைத்தால், புண் திரும்ப வருவது குறையுமா? இது கேள்வி. பதில் எதுவானாலும் ஒருவருக்குப் பயன்படும்.

இப்போது கணக்கு. ஒரு குழுவுக்குப் போன் அழைப்பு, இன்னொரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். புண் திரும்புவது 40 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறையும் என்று எதிர்பார்த்தால், வழக்கமான அளவுகோலில் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம், இருக்கிற வித்தியாசத்தைப் பிடித்துவிடும் வாய்ப்பு 80 சதவீதம்) ஒரு குழுவுக்குச் சுமார் 80 பேர் வேண்டும். ஐந்தில் ஒருவர் பாதியில் விலகுவார் என்று வைத்தால் 100. இரண்டு குழுவுக்கு 200 பேர். உங்கள் மருத்துவமனைக்கு, புண் ஆறிய நிலையில் மாதம் 10 பேர் வருகிறார்கள், 8 பேர் சம்மதிக்கிறார்கள் என்றால், ஆள் சேர்க்கவே 25 மாதம். கடைசியாகச் சேர்ந்தவரை ஓராண்டு கண்காணிக்க வேண்டும், ஆக 37 மாதம். முன்னால் கோர்ஸ் ஒர்க், சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்), நோயாளிகளின் நலனைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி என்று ஒன்றேகால் ஆண்டு, பின்னால் பகுப்பாய்வு, எழுத்து என்று ஓர் ஆண்டு. கூட்டினால் ஐந்தரை ஆண்டை நெருங்கும். ஆறு ஆண்டுக்குள் அடங்கும், ஆனால் ஒரு மழைக்காலம் தவறினாலும் இடிக்கும். இதே அளவு நோயாளிகள் வரும் இரண்டாவது மருத்துவமனை சேர்ந்தால் ஓர் ஆண்டு மிச்சம். மாறாக, 40 சதவீதம் 30 ஆகத்தான் குறையும் என்று தோன்றினால் ஒரு குழுவுக்கே 350 பேருக்கு மேல் வேண்டும். தனி ஒருவரால் ஆகிற காரியம் இல்லை அது.

புள்ளியியல் நிபுணரிடம் டேட்டா முழுவதையும் சேகரித்த பிறகு போகிறவர்கள்தான் அதிகம். அப்போது அவரால் செய்ய முடிவது மிகக் கொஞ்சம். சினாப்சிஸ் எழுதும் முன்பே போங்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வரும்வரை ஒரு நோயாளியிடமும் படிவம் நீட்டக் கூடாது. இது சிகிச்சை முறையைச் சோதிக்கும் ஆய்வு என்பதால், இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சிடிஆர்ஐ-யில், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து, ஆள் சேர்க்கத் தொடங்கிய பிறகு பதிய வழியில்லை. பதிவு எண் இல்லையென்றால் நல்ல ஆய்விதழ்கள் கட்டுரையை ஏற்பதில்லை. கட்டணம் கிடையாது, சோம்பலால் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று. கட்டுப் போட்டுவிடும் நர்ஸே வந்து 'கையெழுத்து போடுங்கம்மா' என்றால் நோயாளியால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. நாளைக்கு அதே கையிடம்தானே வர வேண்டும். சம்மதம் கேட்கும் வேலையை அவருக்குச் சிகிச்சை தராத ஒருவரிடம் கொடுங்கள். படிவத்தை ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

ஆய்வேடு எழுதித் தருகிறோம் என்று உங்களுக்கும் விளம்பரம் வரும். பக்கமே போகாதீர்கள். யுஜிசியின் 2018 விதிப்படி, ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் நகல் என்று தெரிந்தால் பதிவே ரத்தாகும். அதில் தப்பினாலும், யாரோ எழுதியதைப் பிடித்துக்கொண்டு வாய்மொழித் தேர்வில் உட்கார முடியாது.

விண்ணப்பத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். மருத்துவமனையில் அனுமதி வாங்கி, இரண்டு மாதம் கால் புண் சிகிச்சைப் பிரிவின் பதிவேட்டைப் பார்த்து எண்ணுங்கள்: எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேருக்குப் புண் ஆறியிருக்கிறது, எத்தனை பேர் திரும்ப வருகிற தூரத்தில் இருக்கிறார்கள். அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நெறியாளரைப் பார்க்கப் போங்கள்.