டைப் 1 சர்க்கரை நோயில் மனம் ஏன் இவ்வளவு சலித்துப்போகிறது?

டைப் 1 சர்க்கரை நோயோடு வாழ்பவர்களுக்கு அவ்வப்போது 'போதும்டா சாமி' என்று தோன்றும். கோபம், பயம், குற்ற உணர்வு எல்லாம் கலந்த சோர்வு அது.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. அதனால், ரத்தத்தில் சர்க்கரையைச் சீராக வைக்கும், தானாக நடக்க வேண்டிய வேலை முழுவதும் நம் தலையில் விழுகிறது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாதிரிதான், தூங்கினாலும் ஒரு காது விழித்தே இருக்கும். அதிலும் கொடுமை, நேற்றைய அதே சாப்பாடு, அதே இன்சுலின் டோஸ், இன்று மீட்டரில் சர்க்கரை எகிறி 240! தூக்கம், காய்ச்சல், பதற்றம் எதுவும் அளவை மாற்றிவிடும். அதைப் பார்த்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். அந்த எண் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கத்தான்.

திடீரென்று படபடப்பும் எரிச்சலும் வந்தால் முதலில் அளந்து பாருங்கள், சர்க்கரை ரொம்பக் குறைந்து 70-க்குக் கீழே போயிருக்கலாம். சில இரவுகளாவது சர்க்கரை பார்க்கும் வேலையை வீட்டில் இன்னொருவர் ஏற்றுக்கொண்டால் பெரிய ஆறுதல். ஊசியே வேண்டாம் என்று தோன்றினால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இன்சுலினை நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

அப்புறம், 'இனிப்பு நிறைய சாப்பிட்டதால் வந்தது' என்று பலர் சொல்வார்கள்; டைப் 1 அப்படி வருவதில்லை.